விமானம் விழுந்தால் விசாரணை... ஜீப் கவிழ்ந்தால்?

குமுளியில் ரயில் சத்தம் கேட்காது. இடுக்கி மாவட்டத்தில் ஓரடித் தண்டவாளம்கூட இல்லை. கேரளத்தில் ரயில் எட்டிப்பார்க்காத மாவட்டங்கள் இரண்டுதான். ஒன்று இது, இன்னொன்று வயநாடு. பயணிகள் விமானம் இறங்கவும் இங்கே இடமில்லை. வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் என்.சி.சி. மாணவர்களின் பயிற்சிக்காக 650 மீட்டரில் ஓர் ஓடுதளம் போட்டார்கள். 2022 டிசம்பர் 1-ம் தேதி சிறிய பயிற்சி விமானம் ஒன்று அதில் வந்திறங்கியது. ஊருக்கும் ஆகாயத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

ரயிலேற வேண்டுமென்றால் மலையிறங்கித் தேனிக்கோ போடிக்கோ போக வேண்டும். மேற்கே என்றால் கோட்டயம். விமானத்துக்கு மதுரை அல்லது நெடும்பாசேரி. இரண்டுமே சுமார் 150 கிலோமீட்டர். எந்தத் திசையில் கிளம்பினாலும் முதலில் மலைப்பாதை. குமுளியிலிருந்து லோயர்கேம்ப் வரை கிழக்கே ஓர் இறக்கம். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை மேற்கே இன்னோர் இறக்கம். இப்படி ஒரு மலையிறக்கத்தைத் தாண்டாமல் இந்த ஊர்க்காரர் யாரும் ரயிலையோ விமானத்தையோ பார்க்க முடியாது.

ஆனால் பயம் என்று வந்தால் பேச்செல்லாம் ரயிலையும் விமானத்தையும் பற்றித்தான். 2023 ஜூனில் பாலசோரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் உருக்குலைந்து கிடந்த படங்கள், 2025 ஜூனில் அகமதாபாத்தில் மருத்துவ மாணவர் விடுதிமீது விமானம் விழுந்து எழுந்த கரும்புகை, இரண்டும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் ஏராளம். அந்த வீடுகளில் விமானம் தரையிறங்கி மகன் போன் போடும்வரை தாய்க்குத் தூக்கம் கிடையாது. அதே மகன் நள்ளிரவில் வாடகைக் காரில் மலைப்பாதை வழியாக விமான நிலையத்துக்குக் கிளம்பியபோது வாசலில் நின்று கையசைத்துவிட்டு அவள் நிம்மதியாக வீட்டுக்குள் வந்திருப்பாள்.

அவளுடைய பயம் தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயத்துக்கு இரண்டாவதாக ஒரு முகவரி இருக்கிறது என்கிறேன்.

ஒரு நாள் கணக்கு

2010 முதல் 2025 வரை இந்தியாவில் நடந்த பெரிய பயணிகள் விமான விபத்துகள் மூன்று. 2010 மே 22, மங்களூரு: 158 பேர். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு கரிப்பூர்: 21 பேர். 2025 ஜூன் 12, அகமதாபாத்: விமானத்தில் இருந்த 241 பேர், தரையில் இருந்த 19 பேர், ஆக 260. மூன்றையும் கூட்டினால் 439. ஹெலிகாப்டர்களும் சிறு விமானங்களும் இதில் சேரவில்லை.

2023-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,72,000-க்கும் மேல். நாளொன்றுக்குச் சராசரியாக 470 பேர். அந்த மூன்று விபத்துகளும் சேர்ந்து பதினைந்து ஆண்டுகளில் எடுத்த உயிர்களைவிட அதிகமான உயிர்களை நம் சாலைகள் ஒரே நாளில் எடுத்துவிடுகின்றன.

இந்தக் கணக்கைக் காட்டி, "விமானத்துக்குப் பயப்படாதீர்கள்" என்று சொல்லி முடிப்பது சுலபம். அது மக்களின் மனதைப் புரிந்துகொள்ளாத பேச்சு. ஜீப்பில் ஏறினால் டிரைவரை நமக்குப் பெயர் சொல்லித் தெரியும். "மெதுவா போப்பா" என்று தோளைத் தட்டலாம். ரொம்பவே பயந்தால் இறங்கிக்கொள்ளலாம். விமானத்தில் கதவு மூடிவிட்டால் நம் கையில் எதுவும் இல்லை. இரவு ரயிலில் தூங்கும்போது எஞ்சினில் இருப்பவர் யார், தண்டவாளம் பிரியும் பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கேட் மூடியிருக்கிறதா, ஒன்றும் தெரியாது. முகம் தெரியாத ஆயிரம் பேரின் வேலையை நம்பித்தான் கண் மூடுகிறோம். அந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்க ஒவ்வொரு பயணிக்கும் உரிமை இருக்கிறது.

சின்னமனூர் மலையில் மோதிய விமானம்

கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைய தலைமுறைக்குத் தெரியாத ஒரு விபத்து உண்டு. 1971 டிசம்பர் 9. பாகிஸ்தானுடன் போர் நடந்துகொண்டிருந்த நாட்கள். திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம், இறங்குவதற்காகப் பட்டப்பகலில் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தபோது சின்னமனூர் அருகே மலையில் மோதியது. இருந்தவர்கள் 31 பேர். விமானப் பணியாளர்கள் நான்கு பேரும் பயணிகள் 17 பேரும் இறந்தார்கள். பத்துப் பேர் உயிரோடு மீண்டார்கள்.

கீழே தரை எவ்வளவு அருகில் இருக்கிறது என்று உணராமலே விமானம் மலையில் போய் மோதுவது அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நடந்த கொடுமை. கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மேன் இதற்கென்றே வாழ்நாளைச் செலவிட்டார். தரை நெருங்கும்போது விமானியை எச்சரிக்கும் கருவி அவருடைய உழைப்பில் உருவானது. 1974 டிசம்பர் 1-ம் தேதி வாஷிங்டன் அருகே ஒரு பயணிகள் விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தபின், அமெரிக்க அரசு அந்தக் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கியது. மெல்ல மெல்ல உலகமே அதைப் பின்பற்றியது. பின்னாளில் அதில் உலக நிலப்பரப்பின் வரைபடமே சேர்ந்தது. சின்னமனூரில் நடந்ததுபோன்ற விபத்து இன்று பெரிய பயணிகள் விமானங்களில் அரிதாகிவிட்டது.

இன்னும் 21 ஆண்டுகள் பின்னால் போனால் நீலகிரி. 1950 டிசம்பர் 13-ம் தேதி கோத்தகிரி அருகே மலையில் ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் மோதி அதிலிருந்த 21 பேரும் மாண்டனர். அவர்களில் ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் மேதை ஆபிரகாம் வால்ட். மனைவியோடு இந்தியாவுக்கு வந்திருந்தார், இருவரும் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில், குண்டுவீச்சு விமானங்களில் எந்தப் பகுதிக்குக் கூடுதல் கவசம் வேண்டும் என்ற கேள்வி அவரிடம் வந்தது. போரிலிருந்து திரும்பிய விமானங்களில் எங்கெங்கே துளைகள் என்ற விவரம் எல்லோரிடமும் இருந்தது. வால்ட் திரும்பி வராத விமானங்களையும் கணக்கில் சேர்த்தார். துளைகளோடு திரும்பி வந்திருக்கிறது என்றால் அந்த இடம் அடியைத் தாங்கும். துளையே காணப்படாத இடம்தான் ஆபத்தானது, ஏனென்றால் அங்கே அடிபட்ட விமானம் வீடு திரும்பவில்லை.

நம் மலைப்பாதைகளைப் பற்றிப் பெரிய செய்தி வராத நாட்களை நாம் பாதுகாப்பான நாட்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். வால்ட் அப்படி எண்ணியிருக்க மாட்டார்.

தெரிந்தே வந்த விபத்து

பாலசோரை விட்டுவிட்டு ரயில் பயத்தைப் பேச முடியாது. 2023 ஜூன் 2 மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்குப் பாஹாநாகா பஜார் நிலையத்தில் மெயின் லைனில் போகப் பச்சை விழுந்தது. பாயின்ட் மட்டும் லூப் லைனைப் பார்த்துத் திரும்பியிருந்தது. லூப் லைனில் இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றது. இறந்தவர்கள் 290-க்கும் மேல். சிக்னல் ஒயரிங்கில் முன்பு செய்த மாற்றத்திலும், அன்று லெவல் கிராசிங்கில் நடந்த வேலையிலும் தவறு இருந்ததை ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டுபிடித்தது.

நெஞ்சை அறுப்பது அடுத்த தகவல். 2022 மே 16-ம் தேதி, அதே கரக்பூர் கோட்டத்தில், பாங்க்ராநயாபாஸ் நிலையத்தில் இதே வகை ஒயரிங் தவறு நடந்திருந்தது. அப்போதே சரியான நடவடிக்கை எடுத்திருந்தால் பாலசோர் விபத்து நடந்திருக்காது என்று விசாரணை சொன்னது. 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ் தவறான பாதையில் போகவிருந்தது. லோகோ பைலட் சுதாரித்து நிறுத்தினார். தென்மேற்கு ரயில்வேயின் உயரதிகாரி ஒருவர் இதைக் குறிப்பிட்டு, சிக்னலையும் பாயின்ட்டையும் இணைக்கும் இன்டர்லாக்கிங் அமைப்பில் குறை இருக்கிறது என்று எச்சரித்துக் கடிதமே எழுதினார். யாரும் சாகாத விபத்து இரண்டு முறை கதவைத் தட்டியது. மூன்றாம் முறை தட்டவில்லை, உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

அந்த விசாரணை அறிக்கையை ஒரு சாதாரணப் பயணி எடுத்துப் படிக்க முடிந்ததா? மக்களுக்குக் கிடைத்தவை நாடாளுமன்றப் பதிலில் வந்த சில வரிகளும், பத்திரிகைகளுக்குக் கசிந்த பக்கங்களும்தான். ரயில்வே பாதுகாப்பு ஆணையத்தை ரயில்வே வாரியத்தின் கையில் வைக்கக் கூடாது என்று 1941-லேயே பிரித்தார்கள். இன்று அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. குற்றம் பார்க்கப்படுபவனே குற்றம் பார்ப்பவனாக இருக்கக் கூடாது என்ற நல்ல ஏற்பாடு அது. ஆனால் அறிக்கை மக்கள் கைக்கு வராவிட்டால் அந்த ஏற்பாட்டின் பாதிப் பலன் வீண்.

நம்பிக்கை எப்படிக் கெடும் என்பதற்குக் கேரளத்திலேயே சாட்சி உண்டு. 1988 ஜூலை 8-ம் தேதி கொல்லம் அருகே பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்து 105 பேர் இறந்தார்கள். சூறைக்காற்றுதான் காரணம் என்றது விசாரணை. அந்த ஊர்க்காரர்கள் அதை நம்பவில்லை. இன்றுவரை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். காற்றின்மீது பழி போட்ட அறிக்கை பாலத்தையும் தண்டவாளத்தையும் பற்றிய கேள்விகளை மூடிவிட்டது என்பது அவர்களின் ஆதங்கம்.

கடலூர் செம்மங்குப்பம் அண்மைக்காலத் துயரம். 2025 ஜூலை 8 காலை, லெவல் கிராசிங்கைக் கடந்த பள்ளி வேன்மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். கேட் திறந்திருந்தாலும் ரயிலுக்குப் பச்சை விழும். ஒரு மனிதனின் கவனம் ஒன்றுதான் அங்கே பாதுகாப்பு. விபத்துக்குப் பிறகு எல்லா கேட்டுகளிலும் கேமரா வைக்கவும், போக்குவரத்து குறைவான கேட்டுகளையும் சிக்னலோடு இணைக்கவும் ரயில்வே அமைச்சர் உத்தரவிட்டார். இணைப்பதற்கான அளவுகோல் பத்தாயிரத்திலிருந்து ஆறாயிரமாகக் குறைந்தது. ஒரு நாளைக்கு எத்தனை ரயில்கள், எத்தனை வண்டிகள் என்று பெருக்கிவரும் எண் அது. மூன்று பிள்ளைகளின் உயிர் போன பிறகு ஒரு கோப்பில் ஓர் எண் மாறியது.

இத்தனைக்கும் நடுவே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த எண் மாறவாவது செய்தது. ரயிலில் பெரிய விபத்துகளின் எண்ணிக்கை 2014-15-ல் 135 ஆக இருந்தது. 2024-25-ல் 31 என்கிறது ரயில்வேயின் கணக்கு. அகமதாபாத் விபத்தில், முப்பது நாளில் முதற்கட்ட அறிக்கை என்ற சர்வதேச விதிப்படி, ஜூலை 12-ம் தேதி அறிக்கை வெளிவந்தது. விமானம் மேலெழும்பிய சில நொடிகளில் இரு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் அடுத்தடுத்து அணைந்த நிலைக்குப் போயின என்பதை உலகமே படித்தது. ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு இறுதி அறிக்கை வரும்வரை யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனாலும் அந்த முதற்கட்ட அறிக்கையின் பதினைந்து பக்கங்கள் ஒரு தாயின் கேள்விக்கு அரசு கொடுத்த மரியாதை.

இரைச்சல் பாலத்தில் என்ன நடந்தது?

இனி நம் மலைக்கு வருவோம்.

2022 டிசம்பர் 23 இரவு. சபரிமலை போய்விட்டு ஆண்டிபட்டிப் பகுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஐயப்ப பக்தர்கள் பத்துப் பேர் ஒரே காரில். குமுளி மலைச்சாலையில் இரைச்சல் பாலம் அருகே கார் கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் பாய்ந்தது. முல்லைப்பெரியாறு தண்ணீரை லோயர்கேம்ப் மின்நிலையத்துக்குக் கொண்டுபோகும் ராட்சதக் குழாயின்மேல் போய் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள்.

2025 ஜனவரி 6 அதிகாலை. தஞ்சாவூர் சுற்றுலா முடித்து மாவேலிக்கரைக்குத் திரும்பிய கேரள அரசு பஸ், குமுளியைத் தாண்டிக் குட்டிக்கானத்துக்குக் கீழே புல்லுப்பாறையில் கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள்.

மலையில் பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது என்பது இங்குள்ள எந்த ஜீப் டிரைவருக்கும் தெரியும். சமவெளியில் ஓட்டிப் பழகியவர் இறக்கம் முழுக்க பிரேக் பெடலிலேயே காலை வைத்திருப்பார். டிரம்மும் லைனிங்கும் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் வண்டி நிற்காது. சிலர் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவார்கள். அது தற்கொலைக்குச் சமம். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும், வண்டியை எஞ்சின்தான் பிடிக்க வேண்டும். மலைக்காரர்களுக்குப் பாலபாடம். வேலூரிலிருந்தோ அனந்தபூரிலிருந்தோ மாலை போட்டுக்கொண்டு முதல்முறை வண்டி ஓட்டி வருபவருக்கு இதை யார், எந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறார்கள்?

கேரள மோட்டார் வாகனத் துறை சபரிமலை சீசனுக்கு 'சேஃப் ஸோன்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. குட்டிக்கானத்தில் அதன் கட்டுப்பாட்டு அறை ஒன்று இயங்குகிறது. சீசனில் கம்பம்மெட்டு வழியாக ஏறி குமுளி வழியாக இறங்கும் ஒருவழி ஏற்பாட்டை இரு மாநிலங்களும் சேர்ந்து செய்கின்றன. பாராட்ட வேண்டிய விஷயங்கள். இரண்டும் சீசனுக்கு மட்டும்.

ஏலத்தோட்டத்துப் பெண்களுக்கு வருடம் முழுக்க சீசன்தான். விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து ஜீப்புகள் கிளம்பி குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மேலே ஏறுகின்றன. போடிப் பக்கத்திலிருந்து போடிமெட்டு வழியாக. இருக்கைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் ஆள் ஏறுவது இங்கே புதிதல்ல. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, அதற்குள் வண்டி வாடகை, டீசல், டிரைவர் கூலி எல்லாம் தேற வேண்டும். தோட்டத்தில் குறித்த நேரத்துக்குப் பேர் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. கூட்டத்தைக் கண்டு ஏறாமல் நின்றுவிட அந்தப் பெண்களால் முடியாது. ஏலக்காய் ஏலம் போகும்போது அதன் விலையில் இந்தப் பயணத்தின் ஆபத்துக்கு ஒரு பைசா கணக்கும் இல்லை.

இப்படி ஒரு ஜீப் கவிழ்ந்தால் என்ன நடக்கிறது? போலீஸ் வழக்குப் பதிகிறது: அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியது. டிரைவர் உயிரோடு இருந்தால் அவர்தான் குற்றவாளி. டிரைவரும் இறந்துவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் இறந்ததால் வழக்கு முடிகிறது. வளைவின் சரிவு சரியாக இருந்ததா, தடுப்புச் சுவர் ஏன் தாங்கவில்லை, டிரைவர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை, வண்டியில் யார் சொல்லி அத்தனை பேர் ஏறினார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தக் கோப்பில் இடமில்லை. விமானி இறந்தால் விசாரணை தொடங்குகிறது. ஜீப் டிரைவர் இறந்தால் விசாரணை முடிகிறது. நம் சாலைகளுக்கும் ஆகாயத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அரசிடம் தரவு இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய சாலை விபத்துத் தகவல் தொகுப்பில் போலீஸார் விபத்து விவரங்களைச் செல்போன் செயலியிலேயே பதிகிறார்கள். 'கரும்புள்ளி' என்று ஆபத்தான இடங்களைக் குறிக்கும் முறையும் உண்டு: சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் உயிர்ப்பலியோ கடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து, அல்லது பத்து மரணங்கள். நேர்ச்சாலைக்கு இது பொருந்தலாம். மலைப்பாதையில் ஒரு வண்டி இந்த வளைவில் விழும், அடுத்தது இரண்டு வளைவு தள்ளி விழும். ஆபத்து பாதை முழுக்கப் பரவிக் கிடக்கும். பட்டியலில் ஒரு புள்ளியும் ஏறாது. விபத்தாகாமல் தப்பியவை கணக்கிலேயே இல்லை. ஹொசதுர்காவில் ஒரு லோகோ பைலட் சுதாரித்தது கடிதமாக மேலே போனது. இரைச்சல் பாலத்தில் நூலிழையில் தப்பிய வேன் டிரைவர் யாருக்குக் கடிதம் எழுதுவார்?

தேக்கடி சொல்லித் தந்தது

குமுளிக்கு இந்தப் பாடம் புதியதுமல்ல. 2009 செப்டம்பர் 30 மாலை, தேக்கடி ஏரியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். புத்தம் புதிய படகு. அளவுக்கு மீறிய கூட்டம், கரையோரம் விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தது, உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லாதது எல்லாம் சேர்ந்துகொண்டன. நீதிபதி இ. மொய்தீன் குஞ்ஞு ஆணையம் விசாரித்து அறிக்கை கொடுத்தது. படகின் வடிவமைப்பிலிருந்து அதை இயக்கிய விதம் வரை குறைகளைச் சொன்னது. குற்ற வழக்கு பத்தாண்டு கடந்தும் தீர்ப்பைக் காணவில்லை. அந்த வகையில் தேக்கடி ஓர் அவமானம்.

ஆனால் இன்று தேக்கடிப் படகில் ஏறும் எவரும் லைஃப் ஜாக்கெட் போடாமல் உட்கார முடியாது. ஆரம்பத்தில் முணுமுணுத்த சுற்றுலாப் பயணிகள் இப்போது கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு விசாரணை, ஒரு விதி, அதைத் தினமும் நடைமுறைப்படுத்தும் ஆட்கள். இதே ஊரில், இதே மக்களிடம் பாதுகாப்பு பழக்கமாகியிருக்கிறது. படகுத்துறையிலிருந்து குமுளி பஸ் ஸ்டாண்ட் சில கிலோமீட்டர்தான். அந்தப் பழக்கம் ஏன் அங்கிருந்து சாலைக்கு ஏறவில்லை?

தூக்கம்

விமானம், ரயில், சாலை என மூன்று பயணங்களுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று இருக்கிறது. ஓட்டுபவரின் தூக்கம்.

மங்களூரு விபத்தின் விசாரணையில், பயணத்தின்போது நீண்ட நேரம் கேப்டன் தூங்கியிருந்ததும், விழித்தபின் அந்த மந்தம் விலகாமலே தரையிறக்க முயன்றதும் பேசப்பட்டன. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்து, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்த விதிகள் 2025 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அடுத்த மாதமே இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின, பயணிகள் தவித்தார்கள், இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்குக் கொடுத்தது. விதி வருவது இரண்டு ஆண்டுகளாகத் தெரிந்தும் போதிய விமானிகளைச் சேர்க்காத நிறுவனத்துக்காகப் பாதுகாப்பு விதியைத் தளர்த்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஜூனில் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள், தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் ஓட்ட மாட்டோம், வார ஓய்வை முழுதாகக் கொடுங்கள் என்று போராடினார்கள். அவர்கள் கேட்டது நமக்காகவும்தான்.

வாடகைக் கார் டிரைவருக்கு இந்த அளவுக்குக்கூட இல்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. அதுவும் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கடிகாரமே கிடையாது. மாலையில் ஒரு குடும்பத்தை நெடும்பாசேரியில் இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் இன்னொரு சவாரி ஏற்றி, விடியற்காலை மூன்று மணிக்குக் குட்டிக்கானம் பனியில் வண்டி ஓட்டுகிறார். அவர் கேட்கும் வாடகையைப் பேரம் பேசிக் குறைக்கும்போது, இடையில் எங்காவது நிறுத்தித் தூங்கும் இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தே குறைத்துவிடுகிறோம்.

மலையேறும் ரயில் வந்துவிட்டால் இந்தக் கவலை தீரும் என்று நம்புபவர்கள் உண்டு. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டு, அகலப் பாதையாகித் தேனிக்கு 2022 மேயிலும் போடிக்கு 2023 ஜூனிலும்தான் ரயில் வந்தது, பன்னிரண்டு வருடம். திண்டுக்கல்லிலிருந்து லோயர்கேம்ப்புக்கு ரயில் என்பது இன்னும் கோரிக்கை. 1997-98-ல் அனுமதித்த அங்கமாலி–எருமேலி சபரி பாதையில் 111 கிலோமீட்டரில் காலடி வரை ஏழு கிலோமீட்டர்தான் முடிந்திருக்கிறது. ரயில் வரட்டும், வேண்டும். அதுவரை செத்துக்கொண்டிருக்க முடியாது.

தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்பது இதுதான். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளில் ஓர் உயிர் போனாலும், போலீஸ் வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். சாலைப் பொறியாளர், வாகன ஆய்வாளர், மருத்துவர் மூவரும் இருக்கும் கூட்டுக்குழு ஒன்று தனியாக விசாரிக்கட்டும். யாரைத் தண்டிப்பது என்பதற்காக அல்லாமல், ஏன் நடந்தது என்பதற்காக மட்டும். மாநில எல்லை எந்த வளைவில் போகிறது என்ற சண்டை அதில் வேண்டாம். இறந்தவர் தமிழ்நாட்டில் ஏறிக் கேரளத்தில் இறங்கவிருந்தவர். முப்பது நாளில் முதல் அறிக்கை, தமிழிலும் மலையாளத்திலும், குமுளி ஊராட்சி அலுவலகத்திலும் கூடலூர் நகராட்சியிலும் எவரும் படிக்கும்படி வையுங்கள். நூலிழையில் தப்பியவர்கள் பெயர் சொல்லாமல் தகவல் தர ஒரு தொலைபேசி எண் கொடுங்கள். லோயர்கேம்ப்பிலும் குட்டிக்கானத்திலும் டிரைவர்கள் காசு கொடுக்காமல் தூங்க ஒரு கூடம் கட்டுங்கள். ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதற்கு டிரைவரோடு தோட்ட முதலாளியும் பொறுப்பு என்று உத்தரவு போடுங்கள்.

வாசகர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. அடுத்தமுறை ஊரிலிருந்து யாரையாவது விமானம் ஏற்றிவிட வண்டி பேசும்போது, வாடகையைக் கேட்பதற்கு முன் டிரைவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் நான்கு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, வழியில் அவரைத் தூங்கவிடுங்கள். அடுத்த கார்த்திகை முதல் தேதி மாலை போடும் குழுக்கள் இப்போதே இரண்டாவது டிரைவரை ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.